கரடிக் காட்டில் இரவுச் சாப்பாட்டை எங்கே வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகுப்பையில் கூடாரத்தையும் சாப்பாட்டையும் சுமந்துகொண்டு, பல நாள் காட்டில் நடந்து, பொழுது சாய்ந்த இடத்தில் படுத்து எழுபவர்களுக்காக இந்தப் பக்கம். வட அமெரிக்க மலைகளில் உள்ள கருங்கரடியையும், கிரிஸ்லி எனப்படும் பழுப்புக் கரடியையும் மனத்தில் வைத்து எழுதியது. துருவக் கரடி உலவும் பனிநிலத்துக்கு இந்த ஆலோசனைகள் போதாது.

சாப்பாட்டுப் பையைக் கூடாரத்துக்குள்ளேயே தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினால் என்ன?

வைக்காதீர்கள். "இத்தனை வருடமாக அப்படித்தான் தூங்குகிறேன், ஒன்றும் ஆனதில்லை" என்று சொல்பவர் ஒருவர் எந்தப் பாதையிலும் இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. பெரும்பாலான இரவுகளில் கரடி வருவதே இல்லை. வருகிற ஒரே ஓர் இரவில், கரடிக்கும் அது தேடி வந்த பொருளுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய நைலான் துணியும் உங்கள் தலையும்தான். கரடிக்கு உங்கள்மீது எந்த விரோதமும் கிடையாது. இருட்டில் அதன் நகத்தில் முதலில் படுவது பையா, நீங்களா என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கரடி ஒரு வேளைச் சாப்பாட்டைத் தின்றுவிட்டுப் போனால் நஷ்டம் எனக்குத்தானே?

உங்களுக்கு ஒரு நாள் பட்டினி, அவ்வளவுதான். பெரிய நஷ்டம் கரடிக்கும், அடுத்த வாரம் அதே இடத்தில் படுக்கப்போகிறவருக்கும். கரடி மறக்காது. ஒரு கூடாரத்தில் வேர்க்கடலை வெண்ணெய் கிடைத்தால், எல்லாக் கூடாரத்திலும் அது இருக்கும் என்றுதான் முடிவுகட்டும். பிறகு பகலிலும் வரும். கூச்சல் போட்டாலும் நகராது. அந்தக் கட்டத்தில் வனத்துறைக்கு இருக்கும் வழிகள் குறைவு. பிடித்து வெகு தொலைவில் கொண்டுபோய் விட்டாலும் பல கரடிகள் திரும்பி வந்துவிடுகின்றன. வராதவை புது இடத்தில் பழைய தொழிலைத் தொடங்குகின்றன. கடைசியில் துப்பாக்கிதான்.

இது இன்று நேற்று கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஒரு காலத்தில் விடுதிகளின் எச்சில் குப்பையைத் திறந்த மேட்டில் கொட்டுவார்கள். கரடிகள் வந்து தின்பதைச் சுற்றுலாப் பயணிகள் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். அங்கே கடைசிக் குப்பைமேடு மூடப்பட்டது 1970இல். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1967 ஆகஸ்ட் 13 அன்று, மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் ஒரே இரவில், வெவ்வேறு இரண்டு இடங்களில், வெவ்வேறு இரண்டு கிரிஸ்லிகள் 19 வயதுப் பெண்கள் இருவரைக் கொன்றன. ஓர் இடத்தில் மலைவிடுதியின் மிச்சச் சாப்பாட்டைப் பின்புறம் கொட்டிக் கரடிகளை வரவழைப்பது வழக்கமாக இருந்தது. இன்னோர் இடத்தில் அந்தக் கரடி கோடை முழுவதும் கூடாரங்களில் புகுந்து பழகியிருந்தது. அந்தப் பூங்கா 1910இல் தொடங்கியதிலிருந்து அதுவரை கரடியால் ஓர் உயிர்கூடப் போனதில்லை. இன்றைய விதிகளில் பலவற்றின் வேர் அந்த இரவில் இருக்கிறது.

ஆகவே இரவில் நாம் பூட்டிவைப்பது நம் சாப்பாட்டை மட்டுமல்ல. "மனிதன் இருக்கும் இடத்தில் தீனி கிடைக்கும்" என்ற பாடத்தைக் கரடிக்குச் சொல்லித்தராமல் இருக்கிறோம்.

என்னென்ன வழிகள் இருக்கின்றன?

நான்கு: கடினமான டப்பா, கடிபடாத துணிப்பை, மரத்தில் தொங்கவிடுவது, முகாமில் ஏற்கெனவே நட்டிருக்கும் இரும்புப் பெட்டி அல்லது கம்பம். குழுவாகப் போகிறவர்கள் சில இடங்களில் பேட்டரியில் ஓடும் சிறிய மின்வேலியும் கட்டுகிறார்கள். தேர்வை என்னிடம் விட்டால், இரும்புப் பெட்டி இருந்தால் பெட்டி, இல்லாவிட்டால் டப்பா. களைத்துப்போய், இருட்டில், மழையில், கை விறைத்த நிலையில் சரியாகச் செய்ய முடிகிற முறைதான் நல்ல முறை. அந்தக் கணக்கில் டப்பாவை மிஞ்ச ஒன்றும் இல்லை.

அந்த டப்பாவில் அப்படி என்ன இருக்கிறது? பிளாஸ்டிக்தானே?

அளவும் வழுக்கலும்தான் அதன் பலம். பெரிய டப்பாவின் விட்டம் சுமார் 22 சென்டிமீட்டர். அந்த உருளையை வாய்க்குள் நுழைத்துக் கடைவாய்ப் பல்லுக்குக் கொண்டுபோகக் கரடியால் முடியாது. பக்கங்களில் நகம் மாட்ட விளிம்பு இல்லை, பிடித்துத் தூக்கக் கைப்பிடி இல்லை. உருட்டும், அறையும், மேலே ஏறி நின்று குதிக்கும், அலுத்துப்போய் விட்டுவிடும்.

மொன்டானாவின் வெஸ்ட் யெல்லோஸ்டோனில் கிரிஸ்லிகளும் ஓநாய்களும் வாழும் ஒரு காப்பகம் இருக்கிறது. புது டப்பாக்களுக்குப் பரீட்சை நடப்பது அங்கேதான். உள்ளே கரடிக்குப் பிடித்த பண்டங்களை வைத்து முற்றத்தில் போட்டுவிடுகிறார்கள். கரடிகள் மொத்தம் 60 நிமிடம் கடித்து, மிதித்து, புரட்டியும் திறக்காவிட்டால் தேர்ச்சி. வாங்கும்போது இந்தச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்காகக் கரடியை மட்டமாக எடைபோட வேண்டாம். நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைகளில் ஒரு பெண் கருங்கரடி இருந்தது. இரண்டு காதிலும் மஞ்சள் அடையாள வில்லை மாட்டியிருந்ததால் 'யெல்லோ-யெல்லோ' என்று பெயர். பெரிய உருவமெல்லாம் கிடையாது; 60 கிலோவைக்கூடத் தொடாது. பேர்வால்ட் என்னும் திருகுமூடி டப்பாவின் தாழ்ப்பாளைப் பல்லால் அழுத்தியபடி மூடியைத் திருப்ப அது கற்றுக்கொண்டது. நிறுவனம் இன்னொரு தாழ்ப்பாளைச் சேர்த்து மூடியை மாற்றியது. அதையும் கற்றுக்கொண்டது. 2012இல் வேட்டையாடி ஒருவர் சுட்டுக் கொல்லும்வரை அந்த வட்டாரத்தில் அதுதான் ராணி. அந்த மலைகளுக்குப் போகிறவர்கள் எந்த டப்பாவைக் கொண்டுபோகலாம் என்று முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

டப்பாவுக்குள் எல்லாம் அடங்கவே இல்லை. என்ன செய்வது?

அதிகம் வரும் கேள்வி இது. புலம்பலாகவே வரும்.

கடைகளில் கிடைக்கும் பெரிய டப்பா ஒன்று 11.5 லிட்டர் கொள்ளும். சும்மா தூக்கினாலே ஒரு கிலோவுக்கு மேல் எடை. ஒருவருக்கு ஆறேழு நாள் சாப்பாட்டை அதில் அடக்கலாம். முதல் தடவை அடுக்கும்போது நான்கு நாளுக்கே பிதுங்கும். காரணம், நாம் காற்றைச் சுமக்கிறோம். உலர் உணவுப் பொட்டலம் ஒவ்வொன்றும் தலையணை மாதிரி உப்பியிருக்கும். எல்லாவற்றையும் பிரித்து ஜிப் பைகளுக்கு மாற்றுங்கள். அட்டைப்பெட்டிகளை வீட்டிலேயே தூக்கி எறியுங்கள். பிரிக்க முடியாத பொட்டலத்தில் ஊசியால் ஒரு துளை போட்டுக் காற்றை வெளியேற்றி, துளையின்மேல் டேப் ஒட்டுங்கள்.

அடுத்தது, என்ன சாப்பிடுகிறோம் என்பது. ஒரே இடத்துக்குள் அதிகக் கலோரி அடங்கும் பொருளாகத் தேர்ந்தெடுங்கள்: கொட்டைகள், வேர்க்கடலை வெண்ணெய், கெட்டிச் சாக்லேட், எண்ணெய், பால்பவுடர் கலந்த ஓட்ஸ். பொரி, சிப்ஸ் போன்றவற்றை நொறுக்கித்தான் ஆகவேண்டும். நொறுக்க மனமில்லாவிட்டால் முதல் நாள் மதியமே தின்று தீர்த்துவிடுங்கள்.

கடைசி நாள் சாப்பாடு அடியில், முதல் நாள் மேலே. டப்பாவைத் தரையில் தட்டித் தட்டி அடுக்கினால் மாவுப் பொருள்கள் இறங்கி, கைப்பிடியளவு இடம் மிச்சமாகும். முதல் நாள் மதியமும் இரவும் சாப்பிடப்போவது டப்பாவுக்குள் அடங்கவேண்டியதில்லை; படுக்கும்முன் அது வயிற்றுக்குள் போயிருக்கும். பதிலுக்கு அன்றைய குப்பை, பற்பசை, சன்ஸ்கிரீன் எல்லாம் உள்ளே வரவேண்டும். புதிதாகப் போகிறவர்கள் சறுக்கும் இடம் இது. வீட்டில் சாப்பாட்டை மட்டும் வைத்து அழுத்தி மூடிப் பார்த்து மகிழ்வார்கள். முதல் இரவில் ஒரு பிடி குப்பையும் பற்பசையும் கையில் மிஞ்ச, டப்பாவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன். அன்று ஒரு முழுச் சாக்லேட் கட்டியைப் பசியே இல்லாமல் தின்று இடம் பண்ணினேன்.

நடக்கும்போது டப்பாவை முதுகுப்பையின் நடுவில், முதுகெலும்பை ஒட்டி நிற்கவையுங்கள். அடியில் தூக்கப்பை (உள்ளே நுழைந்து தூங்கும் பை), சுற்றிலும் உடைகள். மேலே கட்டினால் ஒவ்வோர் அடிக்கும் தலையைப் பின்னால் இழுக்கும். இன்னொன்று: முகாமில் இதைவிட வசதியான முக்காலி கிடைக்காது.

எதெல்லாம் "சாப்பாடு" என்ற கணக்கில் வரும்?

மூக்கு சொல்வதுதான் கணக்கு. கரடியின் மூக்கு, உங்களுடையதல்ல. பற்பசை, சோப்பு, உதட்டுக் களிம்பு, சன்ஸ்கிரீன், கொசு விரட்டி, இருமல் மருந்து, வைட்டமின் மாத்திரை, சூயிங்கம், ஈரத்துடைப்பான், பயன்படுத்திய நாப்கின், நாயின் உணவு, காலி உறைகள், சுவையூட்டிய நீர் வைத்திருந்த பாட்டில் எல்லாமே உள்ளே போகவேண்டும். ஸ்டவ்வின் எரிவாயுக் குப்பியைக்கூடக் கடித்துப் பார்க்கும் கரடிகள் உண்டு. அதைக் கூடாரத்தில் வைக்காமல் சமைத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

தப்பிப்போவது பெரும்பாலும் பாக்கெட்டில் இருப்பதுதான். படுக்கும்முன் கால்சட்டை, மழைச்சட்டை, இடுப்புப்பை எல்லாவற்றின் பாக்கெட்டையும் வெளியே இழுத்துப் பாருங்கள். நடக்கும்போது பிரித்துத் தின்ற சாக்லேட்டின் உறை ஒன்று நிச்சயம் இருக்கும்.

டப்பாவை எங்கே வைக்கவேண்டும்? மரத்தில் கட்டவேண்டுமா?

கட்டவே கூடாது. கயிறு இருந்தால் கரடிக்குக் கைப்பிடி கிடைத்த மாதிரி. டப்பாவையே தூக்கிக்கொண்டு போய்விடும். சமதரையில் சும்மா வையுங்கள். சரிவின் விளிம்பிலோ, ஓடை ஏரிக் கரையிலோ வேண்டாம். உருட்டிவிட்டால் கதை முடிந்தது. விழுந்த மரத்துக்கும் பாறைக்கும் நடுவே ஓர் இடுக்கு இருந்தால் நல்லது.

கருங்கரடி மட்டுமே உள்ள காட்டில் கூடாரத்திலிருந்து 30 மீட்டராவது தள்ளி. கிரிஸ்லி உள்ள இடத்தில் சுமார் 90 மீட்டர், அதாவது 100 யார்டு. மழைநீர் இறங்காதிருக்கத் தலைகீழாகக் கவிழ்த்துவையுங்கள். பக்கவாட்டில் ஒளி பிரதிபலிக்கும் டேப் இரண்டு துண்டு ஒட்டியிருந்தால் காலையில் தேடும்போது என்னை வாழ்த்துவீர்கள். மூடியை 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை திருகியிருக்கவேண்டும். இரவுச் சாப்பாடு முடிந்து பேசிக்கொண்டிருக்கும் அரை மணி நேரமும் மூடியேதான் இருக்கவேண்டும். திறந்த டப்பா வெறும் கிண்ணம்.

மரத்தில் தொங்கவிடுவதுதானே பழைய முறை? அதில் என்ன குறை?

முறையில் குறை இல்லை, செய்பவரிடம்தான். "பத்து நிமிடத்தில் கச்சிதமாகத் தொங்கவிட்டேன்" என்பவர்களில் பாதிப்பேர் கரடி விடுகிறார்கள்.

முதலில், தோதான கிளை வேண்டும். பை தரையிலிருந்து 3.5 மீட்டருக்கு மேல், அடிமரத்திலிருந்து கிட்டத்தட்ட 2 மீட்டர் தள்ளி, கிளையிலிருந்தும் அதே அளவு கீழே தொங்கவேண்டும். அதற்கு ஆறு மீட்டர் உயரத்தில், பையைத் தாங்கும் அளவு உறுதியாக, கரடிக்குட்டியைத் தாங்காத அளவு மெல்லியதாக ஒரு கிளை வேண்டும். ஊசியிலை மரங்கள் நிறைந்த காட்டில் கிளைகள் குட்டையாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். தோதான கிளையைத் தேடியே அரை மணி போய்விடும்.

மரம் கிடைத்துவிட்டால், பலரும் நம்பும் முறை இது. சுமார் 15 மீட்டர் மெல்லிய கயிறு. ஒரு நுனியில் சிறு பையில் கல்லைப் போட்டுக் கிளைக்கு மேலே வீசுங்கள். கல்லை அவிழ்த்து, அந்த நுனியில் ஒரு காராபினர் கொக்கியையும் சாப்பாட்டுப் பையையும் மாட்டுங்கள். கயிற்றின் மறு பக்கத்தைக் கொக்கிக்குள் நுழைத்துவிட்டுப் பையைக் கிளைவரை இழுங்கள். கை எட்டும் உயரத்தில், கயிற்றில் விரல் தடிமனுள்ள ஒரு குச்சியை முடிச்சிட்டுக் கட்டி, மெல்ல விடுங்கள். பை இறங்கும், குச்சி ஏறும். கொக்கியில் குச்சி இடித்ததும் பை நின்றுவிடும். கயிற்றின் வால் சும்மா தொங்கும். அடிமரத்தில் எதுவும் கட்டப்படாததால் கரடி கடித்து அறுக்கக் கயிறு கிடையாது. காலையில் வாலை இழுத்துப் பையை மேலேற்றினால் குச்சி கைக்கு வரும், உருவிவிட்டு இறக்கலாம்.

அடிமரத்தில் கயிற்றைக் கட்டும் பழைய வழக்கத்தைக் கலிபோர்னியாவின் சியர்ரா மலைக் கரடிகள் எப்போதோ முறியடித்துவிட்டன. இரண்டு பைகளை எடைக்கு எடை தொங்கவிடும் முறை வந்தது. தாய்க்கரடி குட்டியைக் கிளையில் ஏற்றி அனுப்பியது. அந்த மலையில் உள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவின் காட்டுப்பகுதியில் தொங்கவிடுவதே இன்று சட்டப்படி தவறு.

நான் ஒரு தடவை பொழுது சாய்ந்தபின் முயன்றேன். முதல் வீச்சில் கல் கிளையைத் தொடவில்லை. இரண்டாவதில் கயிறு காலில் சுற்றிக்கொண்டது. ஐந்தாவதில் கல் கிளையை இரண்டு சுற்றுச் சுற்றி அங்கேயே சிக்கியது. இழுத்தபோது பட்டென்று விடுபட்டு நெற்றிக்கு நேராக வந்தது. குனிந்ததால் தொப்பியோடு போயிற்று. கடைசியில் தொங்கிய பை என் தலைக்கு ஒரு முழம் மேலே இருந்தது. அன்றிரவு கரடி வராதது என் சாமர்த்தியம் அல்ல. அடுத்த பயணத்துக்குமுன் டப்பா வாங்கிவிட்டேன்.

இருந்தும் தொங்கவிடுவதென்றால், கூடாரம் போடும்முன்னே, வெளிச்சத்திலேயே கயிற்றைக் கிளையில் போட்டுவையுங்கள்.

கரடி கிழிக்க முடியாத துணிப்பை என்று விற்கிறார்களே?

அர்சாக் என்ற பெயர்தான் பிரபலம். குண்டு துளைக்காத உடைகளில் பயன்படும் வகை இழையில் நெய்தது. எடை டப்பாவில் கால்வாசிக்குள். வாயை இடைவெளியே இல்லாமல் இறுக்கி, முடிச்சுப் போட்டு, மரத்தின் அடியில் கட்டவேண்டும். தொங்கவிடக் கூடாது. கரடி கிழிக்காது, ஆனால் மணிக்கணக்கில் சப்பும். காலையில் கஞ்சியும் எச்சிலுமாக ஒரு மூட்டை கிடைக்கும். அதைத் தின்ன முடியாது என்பது உங்கள் கவலை. கரடிக்குத் தீனி கிடைக்கவில்லை என்பதுதான் வெற்றி. விதி அனுமதிக்கும் இடத்தில், எடை மிச்சம் முக்கியமானவர்களுக்கு நல்ல பொருள். யோசெமிட்டியில் இதற்கு அனுமதி இல்லை.

வாசனை வெளியேறாத பைகள்?

கூடுதல் பாதுகாப்பாக டப்பாவுக்குள் வையுங்கள். அதை மட்டுமே நம்பாதீர்கள். சாக்லேட் தொட்ட கையாலேயே பையின் வெளிப்புறத்தையும் தொடுகிறோம். பிறகு எந்த வாசனையை உள்ளே அடைத்தோம்?

சமையலை எங்கே வைத்துக்கொள்வது?

கூடாரம், அடுப்பு, சாப்பாட்டு டப்பா மூன்றும் ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கிரிஸ்லி நாட்டில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 90 மீட்டர். அடுப்பு வாசனை கூடாரத்தின்மேல் போகாதபடி, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் கூடாரம்.

இதைவிட எளிய உபாயம் ஒன்று உண்டு. மாலை ஐந்து மணிக்கு வழியிலேயே எங்காவது உட்கார்ந்து சமைத்துச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, இன்னும் ஒரு மணி நேரம் நடந்துபோய்ப் படுங்கள். நான் முடிந்தவரை இப்படித்தான் செய்கிறேன். படுக்கும் இடத்தில் சாப்பாட்டு வாசனையே எழுவதில்லை. குழம்பு தெறித்த சட்டையோடு தூக்கப்பைக்குள் நுழையாதீர்கள். தூங்குவதற்கென்று ஒரு சட்டை தனியாக இருக்கட்டும். பாத்திரம் கழுவிய நீரை வடிகட்டி, தங்கிய பருக்கைகளைக் குப்பையோடு சேர்த்துவிட்டு, ஓடையிலிருந்து தள்ளிப் பரவலாக வீசுங்கள்.

புதைத்துவைக்கலாமா? ஓடையில் அமிழ்த்தலாமா? மிச்சத்தை எரித்துவிடலாமா?

தோண்டுவது கரடியின் தொழில். நீந்துவதும் தெரியும். முகாம் நெருப்பில் எரிக்கும் சாப்பாடு முழுக்க எரிவதில்லை; சாம்பலில் கருகிய வாசனை நாள்கணக்கில் நிற்கும், அலுமினியத் தாள் அப்படியே கிடக்கும்.

மரமே இல்லாத உயரத்தில் படுத்தால்?

டப்பாதான். அலாஸ்காவின் தெனாலி தேசியப் பூங்காவில் பெரும்பகுதி மரமற்ற வெளி. அங்கே உள்காட்டுக்குப் போகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டோடு டப்பாவையும் இரவலாகவே கொடுத்தனுப்புகிறார்கள்.

நடையைத் தொடங்கும் இடத்தில் நிற்கும் காரில் மிச்சச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போகலாமா?

கரடி நிறைய உள்ள இடங்களில் வேண்டாம். ஜன்னல் விளிம்பில் நகத்தை மாட்டிக் கதவின் மேற்சட்டத்தைக் காகிதம் மாதிரி வளைத்துவிடும். யோசெமிட்டியில் 1998இல் மட்டும் 1,500க்கும் மேற்பட்ட கரடிச் சம்பவங்கள் பதிவாயின. அதில் பெரும்பங்கு கார்கள். இரும்புப் பெட்டிகள், கட்டாய டப்பா, இரவில் காரில் சாப்பாடு வைக்கத் தடை என்று கண்டிப்பு வந்தபின் அந்த எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. வாகன நிறுத்தத்தில் உள்ள இரும்புப் பெட்டியில், பெயரும் திரும்பும் தேதியும் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். குழந்தை இருக்கையின் இடுக்கில் விழுந்த பிஸ்கட் துணுக்கையும் பொறுக்கிவிடுங்கள்.

சாப்பாட்டுப் பையைச் சுற்றிக் கரடி ஸ்பிரே அடித்துவைத்தால் கிட்டே வராதாமே?

நேர்மாறு. அது முகத்துக்கு நேராக, பாய்ந்து வரும் கரடிமீது, சில மீட்டர் தொலைவில் அடிப்பதற்கான மிளகாய்ச் சாறு. தரையிலோ துணியிலோ படிந்து காய்ந்தால் அதன் வாசனையே கரடியை இழுக்கிறது. அலாஸ்காவில் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். ஸ்பிரேயை இரவில் கை எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அனுமதி உள்ள இடத்தில். யோசெமிட்டியில் கொண்டுபோகவே தடை. விமானத்தில் எந்தப் பெட்டியிலும் ஏற்ற முடியாது.

இரவில் கரடி வந்தேவிட்டது. என்ன செய்வது?

டப்பாவை உருட்டிக்கொண்டிருக்கிறதென்றால் விளக்கைப் போட்டு, எல்லோரும் சேர்ந்து நின்று, பாத்திரத்தைத் தட்டிக் கத்துங்கள். அது விலகிப்போக வழி இருக்கட்டும். கிரிஸ்லியாக இருந்தாலோ கூடவே குட்டி இருந்தாலோ விரட்டும் வேலை வேண்டாம். டப்பா தன்னைக் காத்துக்கொள்ளும். சாப்பாடு ஏற்கெனவே அதன் வாயில் இருந்தால் அது இனி அதனுடையது, பிடுங்கப் போகாதீர்கள். மறுநாள் ரேஞ்சரிடம் சொல்லுங்கள், தவறு உங்களுடையதானாலும்.

கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தால் அது வேறு விஷயம். திடுக்கிட்டுத் தாக்கும் கிரிஸ்லியிடம் செத்ததுபோல் கிடக்கச் சொல்வார்கள். இங்கே அது பொருந்தாது. எந்தக் கரடியானாலும் ஸ்பிரே, கல், கைத்தடி, கையில் அகப்பட்ட எதையும் கொண்டு முகத்தைக் குறிவைத்துப் போராடவேண்டும். இப்படி நடப்பது மிக அரிது.

இலையுதிர் காலத்தில் கரடி உறங்கப் போய்விடும், அப்போது கவலை இல்லை என்கிறார்களே?

உறங்கப் போவதற்குமுன் அது கொழுப்புச் சேர்க்கவேண்டும். அந்த வாரங்களில் ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்னும். ஆண்டிலேயே அதிகம் பசித்திருக்கும் பருவம் அதுதான்.

கரடியே இல்லாத பகுதிக்கும் இதெல்லாம் வேண்டுமா?

எலி இருக்கிறதே. உண்மையில் பையைக் குடைந்தவை என் கணக்கில் எலியும் அணிலும்தான். புது முதுகுப்பையின் அடியில் ஒரு ரூபாய் நாணய அளவில் வட்டமாகக் கத்தரித்துவிட்டு, உள்ளே இருந்த ஒரே ஒரு பாதாமை எடுத்துப்போயிருந்தது ஓர் எலி.

எந்த இடத்தில் எந்த விதி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அனுமதிச் சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். இடத்துக்கு இடம் மாறும். யோசெமிட்டி காட்டுப்பகுதி முழுவதும் டப்பா கட்டாயம். அடிரோண்டாக்கின் கிழக்கு உயர்சிகரப் பகுதியில் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 30 வரை. ஜார்ஜியா மாநிலத்தில் அப்பலாச்சியன் என்னும் நெடுந்தூர நடைபாதையின் ஒரு சிறு பகுதியில் மட்டும், மார்ச் 1 முதல் ஜூன் 1 வரை இரவு தங்கினால். யெல்லோஸ்டோனின் உள்முகாம்களில் பையைத் தொங்கவிடக் கம்பம் நட்டுவைத்திருக்கிறார்கள். தரையிலிருந்து 10 அடி உயரத்திலும் மரத்திலிருந்து 4 அடி தள்ளியும் தொங்கவேண்டும்.

குளிரில் மூடி திறக்கவே மாட்டேன் என்கிறது.

திருகுமூடி டப்பாக்களில் விடியற்காலையில் இது சகஜம். பிளாஸ்டிக் விறைத்துத் தாழ்ப்பாள் அமுங்காது. பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றைத் தாழ்ப்பாளுக்கும் மூடிக்கும் இடையே செருகித் திருகினால் வழுக்கிக்கொண்டு திறக்கும். சில டப்பாக்களுக்கு நாணயம் வேண்டும். அந்த நாணயத்தை டப்பாவுக்குள் வைத்துப் பூட்டியவர்கள் உண்டு.

காலையில் எழுந்து பார்த்தால் டப்பாவைக் காணவில்லை.

பதற்றம் வேண்டாம். வைத்த இடத்திலிருந்து சரிவைப் பார்த்து, வட்டம் வட்டமாகத் தேடுங்கள். தூக்க முடியாததைக் கரடி உருட்டியிருக்கும். உருண்டது இறக்கத்தில்தான் போயிருக்கும். ஆனால் சத்தம் போட்டுக்கொண்டே தேடுங்கள். பக்கத்துப் புதரில் அது இன்னும் உட்கார்ந்திருக்கலாம்.

என்னுடையது ஒருமுறை நாற்பது அடி கீழே, ஒரு புதரின் தூரில் கிடந்தது. சேறு அப்பியிருந்தது. மூடியைச் சுற்றி எச்சில் காய்ந்து நத்தை போன தடம் மாதிரி மின்னியது. பக்கவாட்டில் இரண்டு வெள்ளைக் கீறல், விரலை வைத்தால் மெல்லத் தட்டுப்படும் ஆழம். அட்டையைச் செருகித் திறந்தேன். ஓட்ஸ், கொட்டை, பற்பசை எல்லாம் வைத்தபடியே இருந்தன. பிஸ்கட் மட்டும் மாவாகியிருந்தது. கரண்டியால் அள்ளித் தின்றேன்.